அந்த வட்டம் ஏன் அசையவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நவீன ஓவியத்தை அறிமுகம் செய்யலாம் என்று பிரெஞ்சு ஓவியர் ராபர்ட் டெலோனேயின் 'முதல் வட்டு' ஓவியத்தைக் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். நிறங்களை மட்டும் வைத்து அசைவை உண்டாக்கிய ஓவியம் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "பம்பரம் மாதிரி இருக்கு டீச்சர், ஆனா நின்னுபோன பம்பரம்" என்றான். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது அசையவில்லை. பிறகு எல்லோரையும் நோட்டில் காம்பஸ் வைத்து வட்டங்கள் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தீட்டி, நேர்த்தியாகத் தெரியக் கறுப்பு மார்க்கரால் பார்டர் கட்டச் சொன்னேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் அதுவும் அசையவில்லை.

இந்த அசைவு கண்ணுக்கு உண்மையிலேயே தெரிவதா, விமர்சகர்களின் அலங்காரப் பேச்சா? எந்தப் பொருளையும் சித்தரிக்காத அரூப ஓவியம் பிறந்ததில் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பங்கு உண்டு என்கிறார்களே, சரியா? முதல் அரூப ஓவியத்தை வரைந்தது யார்? எல்லாவற்றையும்விட, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் கொண்டுபோகலாமா, அவர்களைக் குழப்புகிறேனா என்பதுதான் என் கவலை.

அன்புடன்,
கா.
கும்பகோணம்

*

அன்புள்ள கா.,

உங்கள் மாணவன் சொன்னதை ஒரு தாளில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். அவன் சொன்னது சரி என்று, சிரித்த பிள்ளைகளிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். அது நின்றுபோன பம்பரம்தான். நிற்பதால்தான் அந்த ஓவியம் வேலை செய்கிறது. 1850களில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் நிறத் தாள்களைச் செருகிய வட்டுகளைப் பம்பரம்போலச் சுற்றவிட்டு நிறங்களின் கலவையை அளந்தார். வட்டு வேகம் பிடித்ததும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். நிறச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்கும் எதிர்நிறங்கள் சரியான அளவில் இருந்தால் மிஞ்சுவது வெறும் சாம்பல். டெலோனேயின் வட்டை அச்சில் மாட்டிச் சுற்றினால் மங்கலான ஏழு வளையங்கள்தான் தெரியும். அங்கே நகரவேண்டியது வட்டு அல்ல, பார்க்கிறவரின் கண்.

உங்கள் கடிதம் வந்த நாளில் நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், குறிப்பாக அந்த ஓவியத்தில் எங்குமே கோடு இல்லை என்பதை. அதனால் மற்றக் கேள்விகளை இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடையாறு. தொடர்பு இருந்தது, மறுப்பதற்கில்லை. சபையின் தலைமையகம் 1882 முதல் அங்கேதான். அன்னி பெசன்ட் லெட்பீட்டருடன் சேர்ந்து, எண்ணங்களுக்கு வடிவமும் நிறமும் உண்டு என்று படம் போட்டு விளக்கும் நூல் ஒன்றை 1905இல் வெளியிட்டார். ஓவியர்களில் காண்டின்ஸ்கி பிரம்மஞான நூல்களைப் படித்தவர். மாண்ட்ரியன் 1909இல் சபையின் டச்சுக் கிளையில் உறுப்பினரே ஆனார். ஆனால் இந்த நிறம் பக்தி, அந்த நிறம் பேராசை என்று அட்டவணை போடுவதால் ஓர் ஓவியம் அசையாது. அட்டவணையைப் பார்த்து நிறம் பூசுவது ஒரு வேலை, பக்கத்து நிறத்தைப் பார்த்துப் பூசுவது இன்னொரு வேலை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

யார் முதல்? ஹில்மா ஆஃப் கிளின்ட் 1906இலேயே தொடங்கிவிட்டார். குப்கா 1912இல் பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் பொதுமக்கள் முன் வைத்தார். காண்டின்ஸ்கி 1910 என்று தேதியிட்ட நீர்வண்ணப் படம் 1913இல் வரைந்ததாக இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். இது ஓட்டப்பந்தயம் அல்ல. பிள்ளைகளுக்கு இதைத் தேர்வுக் கேள்வியாக்கிவிடாதீர்கள்.

இனி வட்டுக்கு வருவோம். அசைவு உண்மை. கண்ணுக்குத் தெரிவது. ஆனால் நீங்கள் அதை மூன்று இடங்களில் கொன்றுவிட்டீர்கள்.

முதலில் அளவு. 'முதல் வட்டு' 134 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. ஏழு வளையங்கள், ஒவ்வொன்றும் நான்காக வெட்டுப்பட்டது, மொத்தம் 28 துண்டுகள். வளையத்தின் அகலம் சராசரியாக ஒன்பதரை சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் ஓவியம் கண்ணில் ஏறக்குறைய 48 பாகையை நிறைக்கும். அதை முழுக்கப் பார்க்கக் கண் அங்கும் இங்கும் போய்த்தான் ஆகவேண்டும். உங்கள் கைபேசியில் வட்டு அதிகபட்சம் ஆறு சென்டிமீட்டர் இருந்திருக்கும். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் அது முழுவதுமே ஏழெட்டுப் பாகைதான். வளையம் நான்கு மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்தில் கண் பயணம் போகாது, ஒரே பார்வையில் விழுங்கிவிடும். நிறத்துண்டு மிகச் சிறிதாகப்போனால் இன்னொரு கேடும் உண்டு. பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிவிடுவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். சிவப்பு நூலையும் பச்சை நூலையும் மாற்றி மாற்றி நெருக்கமாக நெய்தால் தூரத்திலிருந்து மண்ணிறம் தெரிவது இதனால்தான். சூரா என்ற ஓவியர் புள்ளி புள்ளியாக நிறம் வைத்தார், டெலோனே புள்ளியை விட்டுவிட்டுப் பெரிய துண்டுகளுக்குப் போனார். புள்ளி கலக்கும். துண்டு மோதும்.

இரண்டாவது நேரம். வகுப்பில் ஒரு பிள்ளையின் கையில் அந்தக் கைபேசி எத்தனை விநாடி இருந்திருக்கும்? ஒரு சிவப்புத் துண்டை அரை நிமிடம் இமைக்காமல் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் நீலம் கலந்த பச்சை தெரியும். கண் களைத்து எதிர்நிறத்தை உண்டாக்குகிறது. ஓவியத்தின் முன் நிற்கும்போதும் இதுதான் நடக்கிறது. கண் ஒரு கணமும் முழுதாக நிற்பதில்லை. சிவப்பில் உண்டான பச்சைச் சாயல் கண் நகரும்போது பக்கத்துப் பச்சையின் ஓரத்தில் போய் விழுகிறது, அந்த ஓரம் மட்டும் திடீரென்று பளிச்சிடுகிறது, மறுகணம் இடம் மாறுகிறது. இதற்குக் குறைந்தது இருபது, முப்பது விநாடி வேண்டும். அவசரமாகத் தள்ளிவிடும் விரலுக்கு எதுவும் அசையாது.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வரவழைத்தது. கறுப்பு மார்க்கர்.

டீச்சர், ஏன் அந்தப் பார்டர்? யார் சொன்னது பார்டர் கட்டினால் நேர்த்தி என்று? ஆண்டுவிழாக் கண்காட்சிகளில் பிள்ளைகளின் படங்களைப் பாருங்கள். நல்ல நிறம், நல்ல துணிச்சல், கடைசி ஐந்து நிமிடத்தில் டீச்சர் கையில் மார்க்கரைக் கொடுத்திருப்பார், எல்லாவற்றையும் சுற்றி வேலி. அந்த வேலிக்குள் நிறம் செத்துக் கிடக்கும். நான் மிகைப்படுத்தவில்லை. இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்த்த விஷயம். சிவப்புப் பரப்பின் நடுவே சாம்பல் துண்டு ஒன்றை வைத்தால் சாம்பல் பச்சையாகத் தெரியும். அதே துண்டைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு இழுத்துவிட்டால் அந்தப் பச்சை மங்கிவிடும் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நிறம் இன்னொரு நிறத்தை மாற்றுவது அவை தொட்டுக்கொள்ளும் இடத்தில். நடுவே கோடு வந்தால் தொடுதல் போய்விட்டது. இரண்டு பக்கமும் கறுப்போடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

இந்த விதியைக் கண்டுபிடித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும். மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் ஓவியர் அல்ல, வேதியியல்காரர். கொழுப்புகளை ஆராய்ந்தவர். 1824இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்பு கறுப்பாக இல்லை, நீல, ஊதாத் துணி மடிப்புகளின் நிழலில் போட்டால் வெளிறிப்போகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தில்தான் கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஷெவ்ரல் லண்டனிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் சிறந்த பட்டறைகளின் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்துக் கோப்லான் நூலோடு ஒப்பிட்டார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. குற்றவாளி பக்கத்து நூல். நீலம் தன் எதிர்நிறமான ஆரஞ்சைக் கறுப்பின் மேல் ஏற்றிவிடுகிறது, கறுப்பு துருவேறியதுபோல் ஆகிவிடுகிறது. சாயத் தொட்டியில் எதை மாற்றினாலும் தீராத கோளாறு அது. 1839இல் இதையெல்லாம் பெரிய நூலாக வெளியிட்டார். 102 வயதுவரை வாழ்ந்து 1889இல் இறந்தார். டெலோனே பிறகு திரும்பத் திரும்ப வரைந்த ஐஃபல் கோபுரத்தில் பொறித்திருக்கும் அறிவியலாளர் பெயர்களில் ஷெவ்ரலின் பெயரும் ஒன்று.

ஷெவ்ரல் சொன்னதை டெலோனே கைக்கருவியாக்கினார். ஒரே நேரத்தில் நிகழ்வது என்று பொருள்படும் 'உடனிகழ்' என்ற சொல்லையே தன் கொடியாக வைத்துக்கொண்டார். 1912இல் வரைந்த 'ஜன்னல்கள்' தொடரில் கோடு கரையத் தொடங்குகிறது. ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜன்னல் 46க்கு 40 சென்டிமீட்டர்தான், ஆனால் நிறம் துணியோடு நிற்காமல் மரச்சட்டத்தின் மேலும் ஏறிப் போகிறது. ஓவியத்தைச் சுற்றியிருக்கும் கடைசி வேலியையும் அவர் விட்டுவைக்கவில்லை. நடுவில் பச்சையாக ஐஃபல் கோபுரம் தெரியும். அதற்கும் வெளிக்கோடு இல்லை.

என்னைக் கேட்டால் அந்த வீட்டில் கோட்டை முதலில் கைவிட்டவர் ராபர்ட் அல்ல, அவர் மனைவி சோனியா. மகன் ஷார்ல் 1911இல் பிறந்தபோது குழந்தைக்கு ஒட்டுத்துணிகளைத் தைத்து ஒரு போர்வை செய்தார். பாரிஸின் பாம்பிடு மையத்தின் சேகரிப்பில் அது இன்றும் இருக்கிறது. துணி ஒட்டும்போது வெளிக்கோடு போட வழியே இல்லை. ஒரு துணி முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்கும், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு கழித்து அவர் 'பால் புல்லியே' என்ற நடனக் கூடத்தைக் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் நீளத்துக்கு, மெத்தை உறைத் துணியின் மேல் வரைந்தார். உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. டாங்கோ ஆடும் ஜோடிகள் நிறத் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து போகின்றன. நின்ற இடத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது, கூடவே நடக்கவேண்டும்.

இதே காலத்தில் அசைவை வேறு விதமாகப் பிடிக்கப் பார்த்தவர்களும் உண்டு. மரே என்பவர் 1880களில் ஒரே தகட்டில் நடப்பவனின் அடுத்தடுத்த நிலைகளைப் படமெடுத்தார். அதிலிருந்துதான் ஓவியர் பல்லா வரைந்த நாய்க்கு 1912இல் அத்தனை கால்கள் முளைத்தன. துஷாம்ப் அதே ஆண்டு மாடிப்படி இறங்கும் உருவத்தை இருபது முறை அடுக்கியதுபோல் வரைந்தார். அந்த ஓவியம் முழுக்கப் பழுப்பு, நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை. அவை அசைவைப் பற்றிய ஓவியங்கள். டெலோனேயுடையது பார்க்கும்போது நிகழ்வது. இரண்டையும் ஒரே பாடத்தில் சேர்க்காதீர்கள், பிள்ளைகள் நாய்க்கால்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

கோட்டை எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சிவப்பும் பச்சையும் எதிர்நிறம், பக்கத்தில் வைத்தால் துடிக்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். நீங்கள் புட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூசினால் ஒன்றும் நடக்காது. காரணம் டோன், அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. வெர்மிலியன் சிவப்பும் விரிடியன் பச்சையும் ஒரே வெளிச்சம் கொண்டவை அல்ல, விரிடியன் இருட்டு. எலுமிச்சை மஞ்சளும் ஊதாவும் பகலும் இரவும். டோன் இவ்வளவு விலகி இருந்தால் எல்லை கல்வெட்டுப்போல் உறுதியாக நின்றுவிடும். ஒரு பொருள் எங்கே இருக்கிறது, நகர்கிறதா என்று கண்டுபிடிக்கும் பார்வைப்பாதை பெரும்பாலும் நிறக்குருடு. அதற்கு வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். இரண்டு நிறத்தின் வெளிச்சத்தையும் சமமாக்கிவிட்டால் அந்தப் பாதைக்கு எல்லை எங்கே என்று பிடிபடாது. நிறம் பார்க்கும் பாதையோ, இதோ எல்லை என்கிறது. இந்த இழுபறியில் ஓரம் நடுங்குகிறது. டெலோனேயின் வட்டில் எல்லா எல்லையும் சம டோன் அல்ல. சில ஓரங்கள் பளிச்சென்று நிற்கும், சில நடுங்கும். நிற்பதைப் பிடித்துக்கொண்டு கண் நடுங்குவதை நோக்கிப் போகும். அந்தப் போக்குதான் சுழற்சி.

இன்னொன்றையும் அவர் தன் குறிப்புகளில் சொல்கிறார். எதிர்நிறங்கள் பக்கத்தில் இருந்தால் அதிர்வு மெதுவாக இருக்கும். நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இல்லாத, ஒத்துப்போகாத நிறங்கள் பக்கத்தில் இருந்தால் வேகமாக இருக்கும். வட்டின் மையத்தில் சிவப்பும் நீலமும் நேருக்குநேர் நிற்கின்றன. அந்த இடத்தை அவர் முகத்தில் விழும் குத்து என்றே வர்ணித்தார். ஒரு வளையத்தை மட்டும் விரலால் தொடர்ந்து பாருங்கள். கால்வட்டத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். ஒரு காலில் பக்கத்து வளையத்தோடு எதிர்நிறமாக இருந்தது அடுத்த காலில் ஒத்துப்போகாத நிறமாகிவிடும். மெதுவாகப் போய்க்கொண்டிருந்த கண் அங்கே வேகம் பிடிக்கும். நான்காக வெட்டியது அலங்காரத்துக்கு அல்ல.

காண்டின்ஸ்கியையும் இப்படித்தான் சோதிக்கவேண்டும். மஞ்சள் வட்டம் வெளியே விரிந்து நம்மை நோக்கி வரும், நீல வட்டம் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் நத்தைபோல் உள்ளே போகும் என்று அவர் 1911இல் வெளியான நூலில் எழுதினார். அழகான அவதானிப்பு. ஆனால் அதில் பாதி வேலை டோனுடையது. இருண்ட தளத்தில் வெளிச்சமான வட்டம் தன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். மஞ்சளை வெள்ளைச் சார்ட்டில் வையுங்கள், அதன் ஓரம் தாளில் கரைந்து ஆளே காணாமல் போய்விடும். மஞ்சளை வெளிறச்செய்தால், நீலத்தை இருட்டாக்கினால் விளைவு கூடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை மறந்துவிட்டு, மஞ்சள் என்றாலே முன்னால் வரும் என்று மனப்பாடம் செய்விக்கிறார்கள்.

ஓவியர் ஜார்ஜ் ரூவோ தடித்த கறுப்புக் கோடு போட்டாரே என்று கேட்பீர்கள். அவர் கண்ணாடி ஓவியப் பட்டறையில் பழகியவர், அவருக்கு வேண்டியது அசைவு அல்ல, கனம். குப்காவின் 'இரு நிற ஃபியூக்' என்ற ஓவியத்திலும் கறுப்பு இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், சிவப்பும் நீலமும் வளைந்து வளைந்து ஓடும். வளர்ப்பு மகள் ஒரு சிவப்பு நீலப் பந்தோடு விளையாடியதைப் பல ஆண்டுகள் வரைந்து வரைந்து அவர் அங்கே வந்து சேர்ந்தார். அங்கே கறுப்பு கோடு அல்ல, பரப்பு. அதுவும் ஒரு நிறமாக ஆட்டத்தில் இருக்கிறது. உங்கள் மார்க்கருக்கு அது சாட்சி சொல்லாது.

சாட்சி வேண்டுமென்றால் மாண்ட்ரியனிடம் போங்கள். 1920களில் அவர் கறுப்புப் பட்டைகளால் சிவப்பையும் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துக் கட்டினார். ஓவியம் சமநிலையில் உறைந்து நின்றது. 1940இல் நியூயார்க் போனார். நிற ஒட்டுநாடாக்களை வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். 1942, 43இல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி'யில் கறுப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. கோடு இருந்த இடத்தில் மஞ்சள் பட்டை, அதில் சின்னச் சின்னச் சிவப்பு, நீல, சாம்பல் சதுரங்கள். 127 சென்டிமீட்டர் சதுரத் துணி முழுக்கச் சிமிட்டுகிறது. எழுபது வயதில் அந்த மனிதர் தன் கறுப்புக் கோட்டைத் தானே அழித்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் அதைத் திணிக்காதீர்கள்.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாலு வகுப்பு நேரம் வேண்டும்.

முதல் நாள் வெறும் சாம்பல். ஒரே கலவையில் ஒரு தாள் முழுக்கச் சாம்பல் பூசி, காய்ந்ததும் மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே தாளிலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்று என்பார்கள். பதினைந்து சென்டிமீட்டர் சிவப்புத் தாளின் நடுவில் ஒன்று, அதே அளவு பச்சைத் தாளில் ஒன்று. சாம்பலின் டோன் தாளின் டோனோடு ஏறக்குறைய ஒத்துப்போகவேண்டும். மேலே ஒரு பட்டர் பேப்பரைப் போர்த்துங்கள். நிறங்கள் மங்கும், ஆனால் சாம்பலில் ஏறிய சாயல் கூடும். பிறகு ஒரு சதுரத்தைச் சுற்றி உங்கள் மார்க்கரால் நீங்களே கோடு போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் கண்ணெதிரே அது செத்துப்போகும்.

அடுத்து டோன் பிடிக்கும் பயிற்சி. போஸ்டர் கலர் போதும். வெர்மிலியனை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு இழுத்துவாருங்கள். அல்ட்ராமரின் நீலம் ஒரு ஸ்பூனுக்கு வெள்ளை கால் ஸ்பூனில் தொடங்கி, துளித்துளியாகக் கூட்டுங்கள். விரிடியனுக்கு வெள்ளையோடு சிறிது மஞ்சள். துண்டுத் தாளில் சிவப்பை ஒட்டிப் பூசி, கண்ணை முக்கால்வாசி மூடிப் பாருங்கள். ஓரம் காணாமல் போனால் டோன் ஒத்துவிட்டது. கைபேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றியும் பார்க்கலாம், துல்லியமாக இருக்காது, வகுப்புக்குப் போதும். ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள். வெள்ளை கலந்த போஸ்டர் கலர் காய்ந்தால் பெரும்பாலும் இருளும், அடர்ந்த நிறம் காய்ந்தால் வெளிறும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் பாதிப் பேருடையது தவறியிருக்கும். மறுபடி கலக்கட்டும். இந்தத் தவறுதான் பாடம், அவசரப்பட்டுத் திருத்தித் தராதீர்கள்.

பிறகு வட்டு. கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் பெரும்பாலும் 56க்கு 71 சென்டிமீட்டர். நான்கு சார்ட், ஒவ்வொன்றிலும் ஒரு கால்வட்டம். மூலையை மையமாக வைத்து நூலில் பென்சில் கட்டி 8, 16, 24, 32, 40, 48, 56 சென்டிமீட்டரில் வளைவுகள் இழுங்கள். ஏழு வளையமும் எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் வந்துவிடும். நான்கையும் சேர்த்தால் 112 சென்டிமீட்டர் வட்டு, மூலத்தைவிட ஒரு சாண்தான் குறைவு. நூல் இழுபடும், அதனால் நைலான் வேண்டாம், சணல் அல்லது பருத்தி. பென்சிலை அழுத்தாதீர்கள். அழுத்திய கோடு சாயத்தின் அடியில் தெரியும், அதுவும் ஒரு பார்டர்தான்.

28 துண்டுக்கு 28 பிள்ளைகள். வெளிவளையத்தின் துண்டு நடுத்துண்டைவிடப் பதின்மூன்று மடங்கு பெரியது. வெளியே இருப்பவர்கள் வேண்டிய நிறம் முழுவதையும் ஒரே தடவையில் கலந்துவிடவேண்டும். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. ஒன்றுவிட்டு ஒன்றாக வளையங்களைப் பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு மற்றவற்றைப் பூசுங்கள். ஈரத்தோடு ஈரம் பட்டால் சிவப்பும் பச்சையும் ஓரத்தில் சேறாகிவிடும். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் ஈரத் தூரிகை பட்டால் கிளம்பும், அதனால் இரண்டாவது நிறத்தைக் கெட்டியாக, ஒரே இழுப்பில் ஓரத்துக்குக் கொண்டுபோகவேண்டும், தேய்க்கக் கூடாது. நடுவில் ஒரு மில்லிமீட்டர் வெள்ளை இடைவெளி விட்டாலும் கறுப்புக் கோட்டின் வேலையை அந்த வெள்ளை செய்துவிடும். நோட்டில் ஸ்கெட்ச் பேனா தோற்றதற்கு அதுவும் காரணம், அதன் கீறல்களுக்கு நடுவே தாள் எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கும்.

டெலோனேயின் நிறங்களை அப்படியே நகலெடுக்கவேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்துத் துண்டுக்காரரிடம் கேட்டுத் தன் நிறத்தை முடிவு செய்யட்டும். நடுவில் மட்டும் சிவப்பும் நீலமும் இருக்கட்டும்.

இதெல்லாம் எட்டாம் வகுப்புக்குத் தகுமா என்று கேட்டிருந்தீர்கள். நின்றுபோன பம்பரம் என்று ஒருவன் கண்டுசொன்ன வகுப்பு அது. வேறென்ன தகுதி வேண்டும்?

வட்டைப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் மாட்டுங்கள், சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வேண்டாம், பக்கச்சுவரில், வெளிச்சம் ஒரே சீராக விழும்படி. ஒன்றரை மீட்டர் தள்ளித் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அங்கே ஒவ்வொருவராக ஒரு நிமிடம் நிற்கட்டும். மையத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள், வெளிவளையத்தில் தொடங்கி உள்ளே வரச் சொல்லுங்கள்.

எல்லோரும் பார்த்து முடித்ததும் கதவு சன்னலையெல்லாம் சாத்தி விளக்கையும் அணைத்துவிடுங்கள். இடுக்கு வழியே வரும் வெளிச்சம் மட்டும் போதும். பத்து நிமிடம் கண் பழகட்டும். குப்காவைப் போலவே பொஹீமியாவில் பிறந்த புர்கின்யே என்ற உடலியலாளர் 1825இல் எழுதியது அப்போது நடக்கும். பாடுபட்டுச் சமமாக்கிய டோன்கள் பிரியும். சிவப்புத் துண்டுகள் கறுத்து அமிழும், நீலமும் பச்சையும் வெளிறி மிதந்து மேலே வரும். அந்த நேரத்தில் உங்கள் பையனைக் கோட்டில் நிறுத்தி, பம்பரம் இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.